ரிட்டன் டெய்லர் மன்னிப்புக் கேட்ட கதை

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ரிட்டன் டெய்லர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு சேர்ந்து அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் தையற்கடையைப் பூட்டுவார். நாலு எட்டு வைப்பார், நிற்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பிறகு ஷட்டரையே தூக்கி உள்ளே போய் இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சைத் தடவிப் பார்ப்பார். மறுபடி பூட்டுவார். தெருமுனை வரை போவார், அங்கிருந்தும் திரும்பி வருவார். "டவுன் பஸ்கூட இத்தனை ரிட்டன் அடிக்காதுப்பா" என்று பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு நாள் சொல்லப்போக, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மூக்குக்கண்ணாடி விற்கிற மனிதர் அல்லவா, கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிவிடுவார்.

இந்த வியாதி எப்போது தொடங்கியது என்று ரிட்டனைக் கேட்டால் அதையும் நிச்சயமாகச் சொல்ல மாட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சுன்னு நினைக்கறேன்" என்பார். "இல்ல, அப்புறமா?" என்று மனைவியைப் பார்ப்பார். அவள், "கல்யாணத்தன்னைக்கே தாலி கட்டிட்டு, முடிச்சு சரியா விழுந்துச்சான்னு என் கழுத்தைப் புடிச்சுப் பாத்த ஆளு நீங்க" என்பாள். அது உண்மை. புகைப்படக்காரர் அதை எடுத்தும் வைத்திருந்தார். பார்ப்பவர்களுக்கு மாப்பிள்ளை பெண்ணின் கழுத்தை நெரிப்பது போலத்தான் தெரியும்.

கடை மாமனார் வைத்தது. அவர் போன பிறகு மனைவிக்கும் அவள் தம்பிக்கும் பொதுவாக வந்தது. கை வேலை முழுக்க ரிட்டனுடையது, வாய் வேலை முழுக்க மச்சினனுடையது. அளவெடுக்கும்போது தொந்திக்காரரைப் பார்த்து "இளைச்சுட்டீங்களே சார்" என்று கூசாமல் சொல்வான். வந்தவர் குளிர்ந்துபோய் இன்னொரு பேன்ட்டுக்குத் துணி கொடுத்துவிட்டுப் போவார். அதைத் தொந்திக்கு ஏற்ற மாதிரி வெட்டித் தைப்பது ரிட்டனின் தலையெழுத்து. ஆனால் அவர் தைத்த காலர் பத்து வருஷம் போனாலும் மடங்காது. அந்தக் காலருக்காகத்தான் ஊர் அவருடைய மற்ற கூத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டது.

இஸ்திரிப்பெட்டி ஒரு தொல்லை என்றால் குண்டூசி ஒன்பது தொல்லை. சட்டையைக் கொடுத்து அனுப்பிய பிறகு, காலருக்குள் ஊசி எதையாவது விட்டுவிட்டோமோ என்று குடைய ஆரம்பிக்கும். ஒருமுறை பேங்க் குமாஸ்தா ஒருவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் பேங்குக்கே போய், வரிசையில் நின்றவர்களையெல்லாம் தாண்டி, கவுன்ட்டருக்குள் கையை விட்டுக் குமாஸ்தாவின் கழுத்தைச் சுற்றித் தடவினார். குமாஸ்தாவுக்குக் கூச்சம் அதிகம். அவர் நெளிந்து நெளிந்து சிரிக்க, காவலாளி ஓடிவர, வரிசையில் நின்ற ஒரு அம்மாள் "இந்தக் காலத்துல பேங்குலகூடவா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஊசி ஒன்றும் இல்லை. என்றைக்குத்தான் இருந்தது?

ஊர் இதற்கு மறதி என்று பெயர் வைத்தது. மனைவி ஞாபகசக்தி மாத்திரை வாங்கி வந்தாள். அதைச் சாப்பிட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து சில நாள் இரண்டு முறை சாப்பிட்டார். உண்மையைச் சொன்னால் அவருக்கு மறதி என்பதே கிடையாது. யாருக்கு இடது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கும், யார் கைக்கடிகாரத்துக்காக ஒரு கையை மட்டும் தளர்வாகத் தைக்கச் சொல்வார் என்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். சுவிட்சை அணைத்ததும்கூட நன்றாக ஞாபகம் இருக்கும். அந்த ஞாபகத்தை நம்புவதற்குத்தான் ஆள் இல்லை.

கைபேசி வந்ததும் விடிவுகாலம் வந்துவிட்டது என்று நினைத்தார். சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்வார். வீட்டுக்குப் போகும் வழியில் நின்று நின்று அதைப் பார்ப்பார். சில நாளில் அதிலும் பூச்சி புகுந்தது. இது இன்றைக்கு எடுத்ததா, நேற்று எடுத்ததா? படத்துக்குக் கீழே தேதி இருக்கிறதே என்றாள் மனைவி. போனில் தேதி சரியாக ஓடுகிறது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்றார் அவர். சொந்தக்காரர்கள் யாராவது அந்தக் கைபேசியை வாங்கிப் பார்த்தால், ஆயிரக்கணக்கில் சுவிட்சும் பூட்டும் குழாயும் வரிசையாக வரும். மனைவியின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் அவளுக்குப் பின்னால் இருந்த கேஸ் அடுப்புக்காக எடுத்தது.

மனைவியும் பாவம், எத்தனை நாளைக்குத்தான் தாங்குவாள். "அணைச்சேன்ல?" என்பார். "அணைச்சீங்க" என்பாள். "நீ பாத்தியா?" "பாத்தேன்." "நல்லா பாத்தியா?" அதற்கு மேல் அவள் பாத்திரங்களிடம் பேச ஆரம்பித்துவிடுவாள். பாத்திரங்கள் கொஞ்சம் உரக்கவே பதில் சொல்லும்.

கடைசியில் அவள்தான் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. அவருடைய வெள்ளைக் கோட்டில் இரண்டாவது பட்டன் ஒரு நூலில் ஊசலாடிக்கொண்டிருக்க, ரிட்டன் கேள்விகளுக்கெல்லாம் பட்டனைப் பார்த்தே பதில் சொன்னார். டாக்டர் படங்களைக் காட்டி மறைத்து, வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிக் கேட்டுச் சோதனை செய்தார். ரிட்டன் ஒன்றைக்கூட விடவில்லை.

"உங்க ஞாபகத்துல ஓட்டை ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். "அது சொல்றதை நீங்கதான் நம்ப மாட்டேங்கறீங்க. இதுக்கு ஓசிடின்னு பேரு."

"அப்ப, நம்பற வரைக்கும் பாத்துட்டா சரியாயிடுமா?"

"ஒரு துணியைத் திரும்பத் திரும்பத் துவைச்சா என்ன ஆகும்?"

"சாயம் போகும்."

"அதேதான். நீங்க திரும்பிப் போய்ப் பாக்கற ஒவ்வொரு தடவையும் அந்த ஞாபகத்துல சாயம் போகுது. சாயம் போனதும் இது நெஜமான்னு சந்தேகம் வருது. மறுபடி துவைக்கறீங்க."

ரிட்டனுக்கு அது சட்டென்று புரிந்தது. துணி என்றால் எதுவும் புரியும். மருந்து ஒன்று எழுதிக் கொடுத்து, வைத்தியத்தையும் சொன்னார் டாக்டர். ஒரு தடவை அணைக்க வேண்டும், ஒரு தடவை பார்க்க வேண்டும், கிளம்பிவிட வேண்டும். படம் எடுக்கக் கூடாது. திரும்பிப் போகக் கூடாது. சந்தேகம் கூடவே வரும், வந்தால் வரட்டும், அதை உட்காரவைத்து உபசாரம் பண்ணாமல் இருந்தால் போதும். மனைவியிடம், "'அணைச்சேன்ல'ன்னு கேட்டா நீங்க பதிலே சொல்லாதீங்கம்மா" என்றார். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணமான நாளாக அவளுக்கு இப்படி ஒரு விடுமுறையை யாரும் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது மச்சினன், "ஓசிடியா? ஓசியில வந்ததா?" என்று கேட்டு அக்காவிடம் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டான்.

முதல் சில நாள் நரகம். கடையிலிருந்து வீடு வரை ரிட்டனின் கால் முன்னால் போகும், கழுத்து பின்னால் போகும். வியர்த்துக் கொட்டும். வீட்டுக்கு வந்து, கை இரண்டையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருப்பார். மனைவி வாயைத் தைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். ஆனால் சந்தேகம் என்பதும் விருந்தாளி மாதிரிதான்; கவனிக்க ஆளில்லை என்றால் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுகிறது. மூன்றாவது வாரத்தில், தெருமுனையில் நிற்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார். கண்ணாடிக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இன்னிக்கு சர்வீஸ் ரத்தா?" என்று கேட்டார். ரிட்டன் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

அதே வாரத்தில்தான் கடை எரிந்தது.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்திருக்கிறார், கண்ணாடிக்கடைக்காரரிடமிருந்து போன். ஷட்டருக்கு அடியில் புகை வருகிறது என்றார். ஓடிப்போய்ப் பார்த்தபோது தெருக்காரர்கள் ஷட்டரை நெம்பித் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி போடும் பலகையில் பிடித்த தீ, வெட்டு மேஜையையும் அதன்மேல் அடுக்கியிருந்த துணிகளையும் தின்றுவிட்டிருந்தது. பள்ளிக்கூடச் சீருடைகள், பல் டாக்டரம்மாவின் திரைச்சீலைகள், கணக்கு வாத்தியாரின் கோட்டு, எல்லாம் கரி. ஒரு மெஷின் தப்பியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கருகிப்போன பலகையின்மேல் இஸ்திரிப்பெட்டி குப்புறக் கிடந்தது.

ரிட்டன் தெரு நடுவில் நின்று இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான்! நான்தான் அணைக்காம வந்துட்டேன்! திரும்பி வராம விட்டேன் பாருங்க, அதான்!" யாரும் அவரைக் கேட்கவில்லை. போலீஸ்காரர் ஒருவர் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் வாக்குமூலம் முடிந்துவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மச்சினன் வந்தான். அவன் உடம்பில் அப்போதுதான் தேய்த்த சட்டை, விறைப்பாக, மடிப்புக் கலையாமல் இருந்தது. புகையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், மாமா தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்தான். அவன் முகம் சுண்டியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் நாலு பேர் ரிட்டனைத் தோளில் தட்டி, "விடுப்பா, உன் வியாதி அப்படி, நீ என்ன பண்ணுவ" என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மச்சினன் வாயை மூடிக்கொண்டான். வாயைத் திறப்பதற்குத்தான் தைரியம் வேண்டும், மூடுவதற்கு ஒன்றும் வேண்டியதில்லை. வாயாலேயே பிழைக்கிறவனுக்கு அன்றைக்கு அது ஒத்துழைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை மனைவி நினைத்துக்கூடப் பார்க்க விரும்புவதில்லை. ரிட்டன் கத்திரிக்கோலைத் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்துவிட்டார். "உங்க அப்பா கடையைக் கொளுத்தினவன் நான். இனிமே இந்தக் கையால ஒரு பொருளையும் தொட மாட்டேன்" என்றார். மாத்திரையை நிறுத்தினார். வீட்டில் அடுப்பு, குழாய், கதவு என்று ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து அவரைப் பிடித்துக்கொண்டன. அதுவும் போதாமல், நடக்காததற்கெல்லாம் பொறுப்பேற்க ஆரம்பித்தார். எதிர்வீட்டில் பூந்தொட்டி உடைந்தது என்றால், "நான் அந்தப் பக்கமா போனேன், கை பட்டிருக்கும்" என்று போய் நின்றார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மின்சார அலுவலகத்துக்குப் போய்த் தயங்கித் தயங்கித் தலையைச் சொறிந்தார். அந்த வாரம் ஊரில் நடந்த தப்புகளில் யாரும் சொந்தம் கொண்டாடாதவை அத்தனையும் அவருடையவையாயின. ஊர் சிரித்தது. மனைவிக்கு மட்டும் பயமாக இருந்தது. இந்த மனிதர் மறுபடி ஊசியைக் கையில் எடுக்காமல் போனால், மிச்ச ஆயுள் முழுக்க இப்படித்தான், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தன்னையே விசாரித்துக்கொண்டு கிடப்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டருக்கு ஜலதோஷம் போயிருந்தது, பட்டனும் போயிருந்தது.

"நீங்க என்ன பயப்படறீங்கன்னு கேக்கல. அன்னிக்குச் சாயங்காலம் என்ன ஞாபகம் இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

ரிட்டன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "சீருடைக்குக் கடைசி மடிப்பு போட்டேன். சுவிட்சை அணைச்சேன். பிளக்கைப் புடுங்கினேன். பெட்டியை நிமித்தி, கூரை ஓட்டுத்துண்டு மேல வச்சேன். சூடு ஆறினதும் ஒயரைக் கைப்பிடியில சுத்தினேன். எப்பவும் ரப்பர் பேண்டு போடுவேன், அது அன்னிக்கு அறுந்துபோச்சு. சீருடைத் துணியில வெட்டி விழுந்த நீலத்துண்டு ஒண்ணு கிடந்துச்சு, அதை எடுத்து முடிச்சுப் போட்டேன்."

"இவ்வளவு தெளிவா இருக்கே!"

"ஞாபகம் இருக்கு டாக்டர். ஆனா அது நடந்துச்சான்னுதான் தெரியல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "நீங்க அணைச்சீங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நான் அங்க இல்ல. தீ உங்களாலயே புடிச்சிருந்தாலும்கூட, ஒரு தடவை பாத்தாப் போதும்ங்கறதுல மாத்தம் இல்ல" என்றார். ரிட்டன் எதிர்பார்த்து வந்தது ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. அது கிடைக்காமல் தொங்கிய முகத்தோடு வெளியே வந்தார். அவருக்குச் சமாதானம் செய்துகொள்ள ஒரே வழிதான் தெரிந்தது. துணி எரிந்துபோனவர்கள் எல்லோரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்பது.

நல்ல யோசனைதான், ரிட்டன் அல்லாத ஒருவர் செய்திருந்தால். அவர் பல் டாக்டரம்மாவின் வீட்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாலு தெரு தாண்டுவார். ஒழுங்காகக் கேட்டோமா? திரும்பிப் போவார்.

"இப்பத்தானே டெய்லர் வந்துட்டுப் போனீங்க?"

"வந்தேன்மா. மன்னிச்சுட்டேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"மனசாரத்தானே சொன்னீங்க?"

"முதல்ல மனசாரத்தான் சொன்னேன்" என்றார் அந்த அம்மாள், கதவைச் சாத்திக்கொண்டே. சட்டை எரிந்துபோன தபால்காரர் இன்னும் மோசம்; தன் தெருவில் ரிட்டன் வருவதைப் பார்த்தால் கடிதங்களோடு அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவார். அந்தத் தெருக்காரர்களுக்கு இரண்டு நாள் தபால் வரவில்லை. அதற்கும் ரிட்டன்தான் காரணம், ஆனால் அந்த ஒன்று மட்டும் அவர் காதுக்கு எட்டவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. ஒரு காலையில் மச்சினனிடம் போனார்.

"மாப்ள, எனக்கு ஒரு உதவி பண்ணு. நீ என்கூட வா. நான் மன்னிப்புக் கேக்கறதைப் பக்கத்துல நின்னு பாத்துக்கோ. அப்புறம் எனக்குச் சந்தேகம் வந்தா நீ சாட்சி சொல்லணும்."

"நானா?" மச்சினனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா? உங்க அக்கா பதில் சொல்லக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு."

மச்சினனுக்கு மறுக்க வழியில்லை. இரண்டு பேரும் வீடு வீடாக நடந்தார்கள். ரிட்டன் ஒவ்வொரு வாசலிலும் கை கட்டி நின்று, "என் அஜாக்கிரதைதான் காரணம்" என்று சொல்லும்போது, மச்சினன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்ததும் "சரியாச் சொன்னேனா மாப்ள?" என்பார். "சொன்னீங்க மாமா" என்பான். தான் செய்த பாவத்துக்கு இன்னொருவன் தெருத்தெருவாக மன்னிப்புக் கேட்க, அதற்குச் சாட்சிக் கையெழுத்தும் போடுவது என்பது எந்தக் கோர்ட்டிலும் கொடுக்காத தண்டனை. பல் டாக்டரம்மாவின் வீட்டில் திரைச்சீலை இல்லாத ஜன்னல் பக்கம் அவன் திரும்பவே இல்லை. சீருடைக்காரர்களின் வீடுகளில் கண் கலங்கியது. கணக்கு வாத்தியார் வீட்டு வாசலில், திரும்பி ஓடிவிடலாமா என்று தெருவைப் பார்த்தான்.

"போன வாரமே ரெண்டு தடவை மன்னிச்சாச்சுய்யா" என்றார் வாத்தியார், துண்டால் முகத்தைத் துடைத்தபடி. "இனிமே என்கிட்ட மன்னிப்பு ஸ்டாக் இல்ல."

"இது கடைசி சார். சாட்சியோட வந்திருக்கேன். உங்க கோட்டு எரிஞ்சது என்னாலதான்..."

"போதும் மாமா!" என்று கத்தினான் மச்சினன். "நீங்க இல்ல. நான்தான்."

"நீதான்னா?" என்றார் ரிட்டன்.

"நீங்க பூட்டிட்டுப் போனப்புறம் நான் என் சாவியைப் போட்டுத் திறந்து உள்ள வந்தேன். ஒருத்தரைப் பாக்கப் போகணும், சட்டை கசங்கியிருந்துச்சு. தேய்ச்சேன். போன் வந்துச்சு, அவசரத்துல பெட்டியை அப்படியே போட்டுட்டு ஷட்டரைப் பூட்டிட்டுப் போயிட்டேன். நான்தான் மாமா கடையைக் கொளுத்தினது."

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் அந்த இடத்தில் அழுதிருப்பான், அல்லது அறைந்திருப்பான். ரிட்டன் மச்சினனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார். "அணைச்சிருப்ப. அணைச்சது மறந்திருக்கும்."

"அணைக்கல மாமா."

"அணைக்கலன்னு ஞாபகம் இருக்கா, இல்ல அணைச்சது ஞாபகம் இல்லையா? ரெண்டும் வேற வேற. எனக்குத் தெரியும்."

மச்சினன் விழித்தான். "அணைக்கலன்னுதான்... நினைக்கறேன்."

"பாத்தியா, நினைக்கறேங்கற! அன்னிக்குத்தான் தேய்ச்சியா? அது முந்தின நாளா இருக்கப்போவுது. எந்தச் சட்டை?"

"அந்தக் கோடு போட்டது... இல்ல, வெள்ளையா?" மச்சினனின் நெற்றியில் வியர்வை அரும்பியது. கணக்கு வாத்தியார் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவன், இன்னும் நாலு கேள்வியில் குற்றமே நடக்கவில்லை என்று போய்விடுவான் போலிருந்தது.

"ஐயோ மாமா, என்னையும் பைத்தியமாக்காதீங்க!" என்று தலையைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்குத்தான். ஒயரைப் பிரிக்கவே எனக்குப் பாதி நேரம் போச்சு. அந்த இறுக்கு இறுக்கிக் கைப்பிடியில சுத்தி, ஏதோ நீலத்துணியில முடிச்சு வேற போட்டு வச்சிருந்தீங்க. நகம் போகல. பல்லால கடிச்சு அவுத்தேன்."

ரிட்டன் மச்சினனின் பல்லைப் பார்த்தார். நீலத்துணி. அதை அவர் டாக்டரிடம் சொன்னார், மனைவி கேட்டாள், வேறு யாருக்கும் தெரியாது. அந்த முடிச்சைத் தொட்டுப் பார்க்காத எவனுக்கும் அது தெரிந்திருக்க முடியாது. அப்படியென்றால் அணைத்தது நடந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கியது நடந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பியதும் சரியாகத்தான் நடந்திருக்கிறது.

பொதுவாக ரிட்டனுக்குக் கோபமே வராது. ஊர் அதைத் தங்கமான குணம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதெல்லாம் இல்லை. கோபப்பட வேண்டுமென்றால் எதிராளிதான் தப்பு செய்தான் என்பதில் ஒரு நிச்சயம் வேண்டும். அந்த நிச்சயம் ஒரு நாளும் கைவசம் இல்லாததால் மனிதர் இத்தனை வருஷமும் சாதுவாகக் காலம் தள்ளிவிட்டார். இப்போது முதல் தடவையாக வந்தது. எங்கே இருந்து புறப்பட்டது என்று தெரியவில்லை, தொண்டைக்கு வரும்போது உடம்பே ஆடியது.

"ஏண்டா நாயே!" என்றார். கணக்கு வாத்தியார் ஒரு படி பின்வாங்கினார். "நான் சோத்துல கை வைக்க முடியாம உக்காந்திருந்தேன், நீ எதிர்ல உக்காந்து ரெண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டியேடா! நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்னு ஊரெல்லாம் போய் நானே சொல்லிட்டு வந்தேன். நீ பாத்துட்டு நின்னியேடா! சாட்சிக்கு வேற வந்த! கடை எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போவுது. நான் மெல்ல மெல்லத் தேறிட்டு வந்தேன்டா. அதையும் சேத்துக் கொளுத்திட்டியேடா பாவி!"

தெருவில் ஜன்னல்கள் திறந்தன. மச்சினன் அழுதான். ரிட்டனும் அழுதார், ஆனால் திட்டுவதை நிறுத்தாமல் அழுதார். கணக்கு வாத்தியார் உள்ளே போய் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். எரிந்த கோட்டைப் பற்றி அவருக்கு இப்போது எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மச்சினன் அக்காவின் காலில் விழுந்தான். அவள் கரண்டியை ஓங்கினாள். பிறகு, நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னாள். மாமா தெருவில் நிற்கவைத்துத் திட்டியதைச் சொன்னதும் ஓங்கிய கை அப்படியே நின்றது.

"யாரு? இவரா? என்னன்னு திட்டினாரு?"

சொன்னான்.

"நாயேன்னா? நெஜமாவா? எங்க, மறுபடி சொல்லு." மறுபடி சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தம்பிக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்காது. பிறகு அவள், கடையைச் சரி பண்ணும் வரைக்கும் பெருக்கித் துடைப்பதிலிருந்து கரி சுரண்டுவது வரை எல்லாம் அவன் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னாள். அவன் அன்றைக்கே போய்ச் சுரண்ட ஆரம்பித்தான்.

மறுநாள் காலையில் ரிட்டன் எழுந்ததும் முகம் கழுவிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். மனைவி தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். துணியில் சுற்றிய கத்திரிக்கோலை அவள் மேஜைமேல் எடுத்து வைத்திருந்தாள். ரிட்டன் உட்கார்ந்தார். கத்திரிக்கோலைப் பார்த்தார். நெற்றியில் அந்தப் பழைய சுருக்கம் விழுவதை அவள் பார்த்தாள்.

"நேத்து உன் தம்பியைத் திட்டினேன்ல?" என்றார்.

அவளுக்கு நாக்கு நுனியில் பதில் நின்றது. டாக்டரை நினைத்துக்கொண்டு உதட்டை இறுக்கி, கோப்பையை அவர் முன்னால் வைத்தாள்.

ரிட்டன் காத்திருந்தார். பதில் வரவில்லை. தொண்டையைச் செருமினார், கத்திய கத்தலில் அது இன்னும் கரகரவென்றுதான் இருந்தது. தேநீரை ஒரு மிடறு குடித்தார். வாத்தியார் பின்வாங்கியது, மச்சினன் மூக்கைச் சிந்தியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"திட்டினேன்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா கம்மியாத் திட்டிட்டேன்."

கோப்பையைக் காலி செய்துவிட்டு, கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு, மிச்சத்தையும் திட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்று கடைக்குக் கிளம்பினார்.